பல ஆண்டுகள் நின்ற எஞ்சின்: பிரிப்பதா, விட்டுவிடுவதா?

மார்ச் 2

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “17 ஆண்டுகளாக நிற்கும் வண்டி. 1489 சிசி பி சீரிஸ் எஞ்சின். ஹேண்டில் போட்டால் அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ‘எஞ்சின் வேலைதான், இறக்கிப் பிரித்துவிடுங்கள்’ என்கிறார்கள். புது பேட்டரியும் புது பெட்ரோலும் போட்டு ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடாதா?”

தெரிந்துவிடும். ஆனால் தெரிந்துகொள்ளும் அந்த நொடியிலேயே எஞ்சின் கெட்டும்போயிருக்கும். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் ஏதாவது ஒரு சிலிண்டருக்கு வால்வு திறந்தே இருந்திருக்கும். அதன் வழியே ஈரக்காற்று போய்வந்து, பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரைத் தொடும் இடத்தில் துரு பூத்திருக்கும். வால்வுத் தண்டும், அது ஏறி இறங்கும் குழாயான கைடில் இறுகியிருக்கலாம். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்தைக் காட்டினால் ரிங் உடையும் அல்லது வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ் ராட் வளையும். நான் இளம் வயதில் இதைச் செய்திருக்கிறேன். இரண்டு புஷ் ராட் வில்லாக வளைந்தன. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

என்னிடமும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு, அம்பாசடர், எம்ஜிஏ என்று பல வண்டிகளில் வேலை பார்த்த அதே 1489. என்னுடையது 14 ஆண்டு நின்றது. அதை இந்த மாதம்தான் எழுப்பப்போகிறேன். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். உங்களுடையதில் என்ன நடக்கிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

முதல் வேலையாக நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு மூன்று தேக்கரண்டி ஊடுருவும் எண்ணெயை விடுங்கள். பிறகு வேறு வேலை பார்க்கப் போய்விடுங்கள்.

மார்ச் 2, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வையுங்கள். எண்ணெயில் நனைந்த கறுப்பா, காய்ந்த சாம்பல் நிறமா, துருவா என்று பாருங்கள். அந்த எஞ்சினுக்குள்ளிருந்து வெளியே வந்த ஒரே சாட்சி அதுதான். நான் என் நான்கையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டேன். எது எதனுடையது என்று இனித் தெரியாது.

மார்ச் 5

எந்த எண்ணெய் என்பதில் சண்டை தொடங்கிவிட்டது. டீசல், மண்ணெண்ணெய், கியர் ஆயிலுடன் அசிட்டோன் என்று ஆளுக்கொரு மருந்து. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலப்பது பலர் கைகண்ட வைத்தியம், மறுக்கவில்லை. ஆனால் அவை இரண்டும் கலந்து நிற்காமல் பிரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் ஆவியாகும், தீப்பிடிக்கும். வீட்டு அடுப்புக்கு அருகில் இந்த விளையாட்டு வேண்டாம்.

என் அனுபவத்தில் எண்ணெயின் சாதியைவிட நாட்களின் எண்ணிக்கைதான் வேலை செய்கிறது. தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஹேண்டிலை மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தம் மட்டும் போதும், அதன்மேல் ஏறிக் குதிக்க வேண்டாம்.

மார்ச் 9

என்னுடையது அசைந்தது. கடிகார முள் அளவுதான், ஆனால் அசைந்தது. வண்டியை டாப் கியரில் போட்டு, பின்னாலிருந்து முன்னும் பின்னுமாக ஆட்டினேன். ஒரே பக்கம் தள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டினால் துரு பொடிந்து எண்ணெய்க்குள் இறங்கும். ஒரே பக்கம் தள்ளினால் அதே துரு ஆப்பாக மாறும்.

முழுச் சுற்று சுற்றியதும் பிளக் ஓட்டைகளின் மேல் துணி போடாமல் குனிந்து பார்த்தேன். இரண்டாவது சிலிண்டர் தன்னிடமிருந்த எண்ணெய் அத்தனையையும் என் முகத்தில் துப்பியது. கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன்.

மார்ச் 10

வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஹேண்டில் சுற்ற, எட்டு வால்வுகளையும் பார்த்தேன். இந்த ஹெட்டில் முன்னாலிருந்து எண்ணினால் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று வந்து, அடுத்த நான்கும் அதே வரிசையில் வரும். நான்காவது, அதாவது இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, கீழே போனது மேலே வரவில்லை. ராக்கர் தொளதொளவென்று ஆடியது. தண்டில் எண்ணெய் விட்டு, ரப்பர் சுத்தியலால் ஸ்பிரிங் தட்டின் ஓரத்தை நாள் முழுவதும் விட்டுவிட்டுத் தட்டியதில், சாயங்காலம் ‘டக்’ என்று ஏறி உட்கார்ந்தது.

செல்ஃப் அடிக்காமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி இதுதான். அடித்திருந்தால் அந்தப் புஷ் ராட் இப்போது கொக்கியாக இருந்திருக்கும்.

மார்ச் 14

கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தேன். 92, 55, 96, 90 பி.எஸ்.ஐ. எல்லாமே குறைவு. ரிங் போய்விட்டது. எனக்கும் எஞ்சின் வேலைதான் போலிருக்கிறது. கேள்வி கேட்டவரிடம் ‘பிரிக்க வேண்டாம்’ என்று அளந்ததற்கு எனக்கு இது வேண்டும்.

மார்ச் 15

நேற்று எழுதியதை மறந்துவிடுங்கள். த்ராட்டில் மூடியிருந்தது. காற்று உள்ளே போகாமல் கம்ப்ரஷன் எங்கிருந்து வரும்? பேட்டரியும் அரை உயிரில் இருந்தது. இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான்கு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறப்பு, நல்ல பேட்டரி, முள் ஏறி நிற்கும்வரை ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்று. இப்போது 118, 70, 122, 115. மூன்று சிலிண்டர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன. பட்டறைகளில் சொல்லும் கணக்குப்படி, அதிகமான எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. 122-ல் முக்கால் 91.5. இரண்டாவது தேறவில்லை.

அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். 76-தான். ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருந்தால், ஆயில் இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஒழுகுவது மேலே, வால்விலோ, ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட்டிலோ. கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் போயிருந்தால் பக்கத்துச் சிலிண்டரும் சேர்ந்து படுத்திருக்கும். ஒன்று மட்டும்தான் படுத்திருக்கிறது. ஆகவே, இறுகிக் கிடந்த அதே வால்வு. ஹெட்டைக் கழற்ற வேண்டும், கீழே தொட வேண்டியதில்லை. இதுதான் என் தீர்ப்பு.

ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு எண்ணை ஏற்றிவிடும். பிறகு ரிங் மேல் வீண்பழி விழும்.

மார்ச் 15, மறுபடி

“டேப்பெட் இடைவெளி பார்த்தீர்களா?” என்று ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார். பார்க்கவில்லை. பார்த்தால், ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்க வேண்டிய இடைவெளி அந்த வால்வுக்கு இல்லவே இல்லை. சரிசெய்ததும் 70 என்பது 81 ஆனது. நன்றி. இன்னும் போதாது, ஆனால் தீர்ப்பைப் பென்சிலால் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மார்ச் 16

காற்றை விட்டும் பார்த்தாயிற்று. இரண்டாவது பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வு இரண்டும் மூடியிருக்கும்போது பிளக் ஓட்டை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்டில் மாட்டியிருக்க வேண்டாம். காற்று பிஸ்டனைத் தள்ளினால் ஹேண்டில் உங்கள் முழங்கையைத் தேடி வரும்.

எனக்குச் சைலன்சரில் சீறியது. சீறலோடு எலிக்கூட்டின் பஞ்சும் பறந்து வந்தது. ஆயில் வாயிலும் லேசாக மூச்சு விட்டது. அது எல்லா எஞ்சினும் விடும் மூச்சுதான்.

மார்ச் 17

ஆயில் பம்ப்பை டிரில் வைத்துச் சுற்றி முன்கூட்டியே அழுத்தம் ஏற்றலாமே என்று கேட்கிறார்கள். ஷெவர்லே வி8-ல் முடியும். அங்கே டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்துதான் பம்ப் சுற்றுகிறது. நம் எஞ்சினில் பம்ப்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கேம் ஷாஃப்டிலிருந்து தனித்தனி கியர். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கி டிரிலை விட்டால் டிரில்தான் சுற்றும். அழுத்தமானியின் குழாய் வழியாக ஆயிலை உள்ளே தள்ளிவிட்டு, பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து முள் எழும்வரை காத்திருப்பதுதான் வழி. முள் எழாமல் பிளக் மாட்டாதீர்கள். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

மார்ச் 20

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி: “பத்து நாளில் விடுபட்டது. கம்ப்ரஷன் 120, 116, 118, 121.”

என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ‘எஞ்சின் வேலைதான்’ என்று சொன்னவர்களைக் கூப்பிட்டு எண்களைக் காட்டுங்கள். ஆயிலை மாற்றி, முள்ளை எழுப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் எஞ்சின் தப்பித்தது.

மார்ச் 21

எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடித் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். முதலில் வந்தது தண்ணீர், கால் டம்ளர். ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். திருகை ஒரேயடியாகக் கழற்றினால் எல்லாம் கலந்து கொட்டி இது தெரியாமல் போகும். பல வருடம் ஈரம் குளிர்ந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீரா, ரேடியேட்டர் தண்ணீர் கசிந்ததா என்பதுதான் கேள்வி. ரேடியேட்டரில் மட்டம் குறையவில்லை, கால் டம்ளர்தான் என்பதால் முதலாவது என்று எடுத்துக்கொண்டேன்.

சம்ப்பையே இறக்கிவிட்டேன். வடிகட்டி வலை முழுக்கத் தார் போன்ற கசடு. பழைய கசட்டின் மேல் புது ஆயிலை ஊற்றினால் அது கரைந்து பெயர்ந்து இந்த வலையைத்தான் அடைக்கும், அப்போது பேரிங் பட்டினி கிடக்கும். சம்ப் இறக்கும் வசதி உள்ள வண்டியில் இதைத் தவிர்க்காதீர்கள். கசட்டை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் பார்த்தேன். செம்பு மினுக்கமோ வெள்ளி மினுக்கமோ இல்லை.

டாங்கியில் இருந்த பெட்ரோலில் வார்னிஷ் வாடை. அதைத் தொடாமல், தனி டப்பாவிலிருந்து புது பெட்ரோல். இக்னிஷன் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. பக்கத்தில் தீயணைப்பான் வைத்திருந்தேன், வேலை வைக்கவில்லை.

கொட்டகை முழுக்க நீலப் புகை. பத்து நிமிடம் எதையும் முடிவு செய்யாதீர்கள். அது நாம் ஊற்றிய எண்ணெய், சைலன்சரில் தேங்கியது எரிகிறது. இருபது நிமிடம் கழித்தும் புகை வந்தால் அப்போது பேசலாம்.

மார்ச் 24

மொத்தம் மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு கம்ப்ரஷன்: 131, 112, 133, 128.

இரண்டாவது 81-லிருந்து 112. ஹெட்டைத் தொடவே இல்லை. வால்வு சீட்டில் ஒட்டியிருந்த துருவும் கரியும் ஓடும்போது தானாகவே தட்டுப்பட்டு உதிர்ந்திருக்கின்றன. ரிங்குகளும் தங்கள் பள்ளங்களில் விடுபட்டிருக்கும், அதனால்தான் மற்ற மூன்றும் ஏறின. எஞ்சின் இந்த முறை சூடாக இருந்ததும் ஒரு காரணம், மறைக்க வேண்டாம்.

ஆக, மார்ச் 15-ன் தீர்ப்பும் தவறு. பத்து நாளில் இரண்டு முறை என்னையே நான் திருத்திக்கொண்டாயிற்று.

ஹெட்டைக் கழற்றாமல் ஓட்டியது சரியா என்றால், அரைச் சரி. மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாமல் ஓரம் கருகும். அதனால்தான் சுமை ஏற்றாமல், மணிக்கணக்கை எண்ணி, எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஏறாமல் இருந்திருந்தால் கழற்றியிருப்பேன்.

மார்ச் 26

கேள்வி கேட்டவர்: “ஸ்டார்ட் ஆனது. புகை நின்றது. ஆனால் சூடானதும் கீழே ‘டொக் டொக்’ என்கிறது.”

எப்போது வருகிறது? குளிரில் வந்து சூட்டில் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் தட்டுகிறது, அதோடு பல வருடம் வாழலாம். மேலே, எஞ்சின் வேகத்தில் பாதியாக, லேசாக ‘டிக் டிக்’ என்றால் டேப்பெட். உங்களுடையது சூட்டில் வருகிறது, கீழே வருகிறது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது இன்னும் தெளிவாகக் கேட்டால் எனக்குப் பிடிக்காது. இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எஞ்சின் உடம்பில் தொடவைத்து, எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் குறைகிறது என்று பாருங்கள். பழைய பாயிண்ட் வகை இக்னிஷனுக்குத்தான் இந்த வேலை பொருந்தும்.

ஆயில் அழுத்தம் எவ்வளவு?

மார்ச் 27

மூன்றாவதை நிறுத்தினால் சத்தம் அடங்குகிறதாம். குளிரில் 50 பி.எஸ்.ஐ., சூட்டில் ஐடிலில் 6. ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு. 6 என்பது அதற்கும் கீழே.

எஞ்சினை நிறுத்துங்கள். இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கம்ப்ரஷன் மேல்மாடியின் சேதியை மட்டும்தான் சொல்லும். கீழ்மாடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 120-ஐப் பார்த்து ‘தப்பித்தது’ என்று நான் எழுதியது அவசரம்.

மார்ச் 29

“சம்ப்பை இறக்கி மூன்றாம் பிக் எண்ட் மூடியைக் கழற்றினேன். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது, சாம்பல் நிறம், ஒரு கீறலும் இல்லை” என்கிறார்.

பிக் எண்ட் என்பது பிஸ்டனின் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் முனை. நீங்கள் பார்த்தது அங்கிருக்கும் பேரிங்கின் கீழ்ப்பாதி. வெடிப்பின் அடி முழுவதையும் வாங்குவது ராடில் இருக்கும் மேல்பாதி. அதைக் கழற்றிப் பாருங்கள். மெயின் பேரிங்குக்கு இது தலைகீழ், அங்கே மூடியில் இருக்கும் கீழ்ப்பாதிதான் தேயும்.

மார்ச் 29, இரவு

மேல்பாதி முழுக்கச் செம்பு நிறம் என்று எழுதியிருக்கிறார். சாம்பல் நிற மேல்பூச்சு போய், அடியிலிருக்கும் செம்புக் கலவை தெரிகிறது. அந்த பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதியான ஜர்னலில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு.

அதோடு இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: “சித்தப்பாவிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் ‘ஏதோ சத்தம் வருகிறது, அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் நிறுத்தினாராம்.”

17 ஆண்டுக்கு முன்னால் வந்த அதே சத்தம். மார்ச் 2-ஆம் தேதி நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்பது. எண்ணெய் எத்தனை தேக்கரண்டி என்று பாடம் எடுத்தேனே தவிர அதைக் கேட்கவில்லை. என் வண்டி நின்றது, ஓட்ட ஆள் இல்லாமல் போனதால். உங்கள் வண்டி நின்றது நோயோடு. நின்றதால் வந்த துரு ஓட ஓட உதிர்ந்துவிடுகிறது. ஓடித் தேய்ந்தது ஓட ஓட இன்னும் தேயும்.

‘எஞ்சின் வேலைதான்’ என்று சொன்னவர்களிடம் நீங்கள் எண்களைக் காட்டியிருந்தால், அவர்கள் வீட்டுக்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கும். காரணம் தெரியாமல்தான் சொன்னார்கள், ஆனாலும் சொன்னது பலித்துவிட்டது.

ஏப்ரல் 12

எஞ்சின் இறங்கிவிட்டதாம். கிராங்க்கை 0.020 அங்குலம் குறைத்து அரைக்க வேண்டும் என்று லேத்தில் சொல்லியிருக்கிறார்கள். “இவ்வளவு தூரம் வந்தாயிற்று, போரும் அடித்துப் புது பிஸ்டன் போட்டுவிடலாமா?”

அளந்தீர்களா? போரை மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். அதிகத் தேய்மானம் 0.05 மில்லிமீட்டர் என்றால் அது சாதாரணத் தேய்மானம், லேசாக ஹோன் செய்து, அதாவது சுவரைக் கல்லால் தேய்த்து, புது ரிங் போட்டால் போதும். 73 மில்லிமீட்டர் போரில் 0.2 மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் ரீபோர், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் குடைவது. அளவுதான் பேச வேண்டும், ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று’ என்பது பேசக் கூடாது. ஒவ்வொரு ரீபோரும் அந்த பிளாக்கின் ஆயுளில் ஒரு படியைத் தின்கிறது.

புது ரிங் போடும் முன் போரின் உச்சியில் விளிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பழைய ரிங் எட்டாமல் விட்ட இடம் அது. இருந்தால் சீவி எடுத்துவிட வேண்டும். புது ரிங்கின் கூர்முனை அதில் மோதி உடையும்.

ஏப்ரல் 14

அளந்ததில் 0.06 மில்லிமீட்டராம். ஹோன், ரிங். அவ்வளவுதான். ஹெட் வெளியே இருக்கும்போதே எக்ஸாஸ்டுக்குக் கெட்டியான சீட் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த வார்ப்பிரும்பு ஹெட் அது. ஈயமில்லாத பெட்ரோலில் வேகமாக ஓட்டினால் சீட் உள்ளே அமுங்கும். என் ஹெட் கழலாததால் எனக்கு அந்த வாய்ப்பு இல்லை, மெதுவாக ஓட்டுகிறேன்.

மே 30

என் வண்டி 600 கிலோமீட்டர். சூட்டில் ஐடிலில் 19 பி.எஸ்.ஐ. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய துருப்பொடி, வேறொன்றும் இல்லை. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் ஒரு கொத்து நீலப் புகை வருகிறது. வால்வு கைடு. ஏற்றத்தில் மிதிக்கும்போது புகை இல்லை, அதனால் காரணம் ரிங் இல்லை.

பின்பக்கம் ஆயில் ஒழுகுகிறது. இந்த எஞ்சினின் பின்முனையில் உதடு வைத்த சீல் கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகுப் பள்ளம் ஆயிலைத் திருப்பி உள்ளே அனுப்ப வேண்டும், பாதியை அனுப்புகிறது. இதற்காக எஞ்சினை இறக்கச் சொல்பவர்களை இந்த இழையில் நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்துவிட்டேன். அடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவின் வண்டி நேற்று ஸ்டார்ட் ஆனதாம். ‘டொக் டொக்’ இல்லை. “இப்போது மேலே ‘டிக் டிக்’ என்கிறது” என்கிறார். டேப்பெட் இடைவெளி பார்த்தீர்களா?